டீச்சர் ஊர் நிலா

பயிற்சிக்கு வெளிநாட்டுப் பள்ளிக்கூடம் கிடைத்திருக்கிறது என்று கல்லூரியில் சொன்னபோது பாப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பாப்பா என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். இருபத்திரண்டு வயதாகி, ஆசிரியர் படிப்பின் கடைசி வருடத்துக்கு வந்துவிட்ட பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. அவளுடைய அம்மா தையல்காரி. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே செய்தியைக் கேட்டுவிட்டு, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தி முடித்த பிறகுதான் பேசினாள்.

"நீயே ஒரு பாப்பா. அங்க போய் யாருக்குடி பாடம் எடுக்கப் போற?"

சொல்லிவிட்டாளே தவிர, அன்று மாலையே மகளுக்குக் கம்பளிக் கோட்டு தைக்க உட்கார்ந்துவிட்டாள். கோட்டு என்று ஒன்றை அவள் அதுவரை தைத்ததில்லை. தோள் இரண்டும் தூக்கிக்கொண்டு நின்றன. பாப்பா அதைத்தான் போட்டுக்கொண்டு விமானம் ஏறினாள்.

போய் இறங்கிய ஊரில் பெரியம்மா மகள் இருந்தாள். அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. அத்தானுக்கு ரொட்டி சுடும் ஆலையில் வேலை. நடுராத்திரிக்கே போய்விட்டு, ஊரெல்லாம் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வீட்டுக்கு வந்து படுப்பார். அதனால் அந்த மூன்றாம் மாடி வீட்டில் பகலெல்லாம் ரகசியம் பேசுவதுபோலவே பேச வேண்டும். கரண்டி கீழே விழுந்தால்கூட அக்கா உதட்டின் மேல் விரலை வைப்பாள், கரண்டிக்குக் காது இருப்பதுபோல.

பள்ளிக்கூடம் இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைகளின் வகுப்பு. முதல் சில வாரங்கள் பாப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அந்த வகுப்பில் பென்சில் சீவ யாரும் அனுமதி கேட்பதில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து போகிறார்கள், குடிக்கிறார்கள், வந்து உட்காருகிறார்கள். வகுப்பாசிரியர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுவிடுவார். ஒருவரும் "டீச்சர், நான், நான்!" என்று எம்பிக் குதிப்பதில்லை.  பதில் தெரியாமல் பிள்ளைகள் முழிக்கிறார்களோ என்று பாப்பா நினைப்பாள். பிறகு யாராவது ஒருத்தி மெதுவாக ஆரம்பிப்பாள், அதை இன்னொருத்தன் மறுப்பான், சட்டென்று சந்தை கூடிவிடும்.

'இந்த மனுஷன் எதுக்குத் திரும்பி நிக்கிறார்?' என்பது அவள் மனதில் சுற்றிக்கொண்டிருந்த கேள்வி. ஒரு நாள் கேட்டே விட்டாள்.

வகுப்பாசிரியர் முப்பதைத் தாண்டாதவர். இரண்டு படியை ஒரே எட்டில் ஏறுகிற உயரம். பாதி குடித்த தேநீர்க் கோப்பைகளைப் பள்ளி முழுக்க விட்டுவிட்டுப் போவது அவர் வழக்கம். பாப்பாவின் கேள்விக்குக் கொஞ்சம் வெட்கத்தோடு பதில் சொன்னார்.

"நான் பிள்ளைங்க முகத்தைப் பாத்தா, வாய் சும்மா இருக்காதுங்க. பதிலை நானே சொல்லிடுவேன். அதான் திரும்பிக்கிறேன்."

பெரிய கல்வித் தத்துவம் ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்த பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

அந்த வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். நெற்றியில் வெட்டிய முடி, முன் பல் ஒன்று பாதி முளைத்த நிலை. எதையும் ஒரே தடவையில் ஒத்துக்கொள்ள மாட்டாள். அரிச்சுவடியில் முதல் எழுத்து ஏன் முதலில் வருகிறது என்று கேட்டு வகுப்பாசிரியரையே திணறடித்தவள். பாப்பா அவளுக்கு மனதுக்குள் வக்கீல் என்று பெயர் வைத்திருந்தாள்.

பாப்பா முதன்முதலாக வகுப்பு எடுத்த நாளில் அந்த வக்கீலிடம்தான் மாட்டிக்கொண்டாள்.

பாடம் ஒன்றும் பிரமாதமில்லை. பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லி, அதில் வரும் இடத்தைக் கரும்பலகையில் வரைந்துகாட்ட வேண்டும். அந்த ஊர் மொழியை அவள் கல்லூரியில் படித்திருந்தாள். புத்தகத்தில் நிதானமாக நடந்த மொழி, பிள்ளைகள் வாயில் ஓட்டமாய் ஓடியது. ஆகவே பேச்சைக் குறைத்து, சாக்பீஸை நம்பினாள். ஒரு மலை போட்டாள். மலையடியில் ஒரு வீடு. வீட்டுக்கு மேலே வானத்தில் ஒரு பிறை. இரண்டு நுனியும் மேலே பார்க்க, தண்ணீரில் மிதக்கிற படகுபோல ஒரு பிறை.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. பாப்பா திரும்பிப் பார்த்தாள். கோட்டு கிழிந்திருக்கிறதா என்று முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

வக்கீல் கையைத் தூக்கினாள். "டீச்சர், நிலா கீழ விழுந்து கிடக்கு."

"விழலையே. மேலதானே இருக்கு?"

"மேலதான் இருக்கு. ஆனா படுத்துக்கிட்டு இருக்கு. நிலா நிக்கும் டீச்சர். இப்படிப் படுக்காது."

எழுந்து வந்து, பாப்பாவின் கையிலிருந்த சாக்பீஸை மரியாதையாக வாங்கி, பக்கத்தில் இன்னொரு பிறை போட்டாள். அடைப்புக்குறிபோல நேராக நின்றது அது. வகுப்பு முழுக்க ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது.

பாப்பாவுக்கு முகத்தில் ஈ ஆடவில்லை. நிலாவைப் பார்க்காமல் வளர்ந்தவளா அவள்? எத்தனை மாலை மொட்டை மாடியில் துணி எடுக்கப் போயிருப்பாள்! "எங்க ஊர்ல படுத்துத்தான் இருக்கும்" என்றாள். சொன்ன மாத்திரத்தில் அவளுக்கே அது அபத்தமாகப் பட்டது. நிலா என்ன, ஊருக்கு ஊர் வேறு வேறா?

"அப்படின்னா உங்க ஊர்ல வேற நிலாவா?" என்று கேட்டான் ஒரு பையன். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

பாப்பா உதவிக்கு வகுப்பாசிரியரைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கவில்லை. இரண்டு பிறைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலை பேருந்தைவிட்டு இறங்கியதும் வானத்தைப் பார்த்தாள். நிலா இல்லை. வளர்பிறை தொடங்க இன்னும் சில நாள் இருந்தது. வீட்டில் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, நீ இங்க வந்து ஒன்பது வருஷமாச்சு. பிறை எப்படி இருக்கும் இங்க?"

அக்கா மடித்துக்கொண்டிருந்த துண்டை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "நிலா மாதிரிதான் இருக்கும்."

"படுத்திருக்குமா, நிக்குமா?"

"அதெல்லாம் யாருடி பாத்தா? உங்க அத்தானைக் கேளு. அவர்தான் இருட்டுல போறவர்."

அத்தான் காதில் அது விழுந்துவிட்டது. படுக்கை அறையிலிருந்து தூக்கக் குரலில் பதில் வந்தது. "நான் தரையப் பாத்து நடக்கிறவன் பாப்பா. மேல பாத்து நடந்தா பனியில வழுக்கி எலும்பு ஒடியும். நிலா நின்னா என்ன, உக்காந்தா என்ன, என்னைத் தூங்க விடுங்க."

மறுநாள் வக்கீல் ஆதாரங்களோடு வந்தாள். வீட்டிலிருந்து மூன்று படப் புத்தகங்கள். மூன்றிலும் பிறை நின்றுகொண்டிருந்தது. ஒன்றில் அதன் மேல் ஒரு பூனை சாய்ந்து உட்கார்ந்திருந்தது. மேசைமேல் வரிசையாகப் பரப்பிவைத்து, "இப்ப சொல்லுங்க" என்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பாப்பாவுக்குத் தன் கண்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை சின்ன வயதில் பார்த்த படம் ஏதாவது மனதில் தங்கி, அதையே பார்த்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாளோ? பையில் இருந்த கைபேசியை எடுக்கக் கை துறுதுறுவென்றது. தேடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வகுப்பாசிரியரும் அதையே கேட்டார். "கம்ப்யூட்டர்ல பாத்துடலாமா? எனக்கும் தெரியலைங்க. நேத்துல இருந்து மண்டையைக் குடையுது."

அவள் பிள்ளைகளைப் பார்த்தாள். முப்பது கண்கள் அவள்மேல் இருந்தன. இத்தனை நாளில் அந்த வகுப்பு இப்படி அவளைப் பார்த்ததில்லை.

"நீங்களே சொல்லுங்க. இப்பவே தேடிப் பாத்துடலாமா, இல்ல நிலா வர்ற வரைக்கும் பொறுத்திருந்து நாமளே பாக்கலாமா?"

பெரிய ரகளை ஆகிவிட்டது. இப்பவே என்று பாதிப் பேர். பொறுக்கலாம் என்று பாதிப் பேர். கடைசியில் வக்கீல் பெஞ்சில் ஏறாத குறையாக எழுந்து நின்றாள். "கம்ப்யூட்டர் சொன்னா, அதுக்கப்புறம் யாரும் மேல பாக்க மாட்டாங்க. நான் பாக்கணும்."

கேட்டதும் பாப்பாவுக்கு ஒரு மாதிரி சிலிர்த்தது. பயிற்சிக் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கப் படித்த பாடத்தை இந்தப் பாதிப் பல்காரி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாளே என்றிருந்தது. எல்லாருமாக ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நிலாவைக் கண்ணால் பார்க்கும்வரை யாரும் தேடக் கூடாது. டீச்சர்மாரும்தான்.

ஒப்பந்தம் போட்ட அன்றிலிருந்து வானம் மூடிக்கொண்டது. பழைய போர்வையைப்போல மேகம் ஊர்மேல் கிடந்தது. காலையில் மழை, மாலையில் தூறல், இடையில் சும்மா ஒரு சாம்பல் நிறம். வளர்பிறை தொடங்கிவிட்டது என்று நாள்காட்டி சொன்னது. வானம் ஒன்றையும் காட்டவில்லை. பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள். "நேத்தும் இல்ல டீச்சர்."

அப்போதுதான் பாப்பாவுக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. இங்கே மதியச் சாப்பாடு முடிந்து பாடம் தொடங்கும்போது அங்கே பொழுது சாய்கிற நேரம். அங்கே மழை ஓய்ந்துவிட்டதாக அம்மா சொல்லியிருந்தாள். வகுப்பிலிருந்தே அம்மாவைக் கூப்பிட்டு, சுவரில் உள்ள பெரிய திரையில் காட்டினால் என்ன?

வகுப்பாசிரியர் சரி என்றார். ஒரே ஒரு சிக்கல்தான். அதே மதியம் பாப்பாவின் பாடத்தைப் பார்த்து மதிப்பெண் போட, மேற்பார்வையாளர் வருவதாக இருந்தது. பாடத்திட்டம் வரைபடம் பற்றியது. திசைகள், அளவுகோல், குறியீடுகள். பாப்பா கணக்குப் போட்டுப் பார்த்தாள். முதலில் அம்மா, சுருக்கமாக. பிறகு வரைபடம். முடிந்துவிடும்.

மேற்பார்வையாளர் கறாரான அம்மாள். நனைந்த குடையைக் கதவோரம் சாத்திவிட்டு, பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால் இரண்டும் தாடையைத் தொட உட்கார்ந்துகொண்டார். அந்த நிலையிலும் அவருடைய கம்பீரம் குறையவில்லை.

திரையில் அம்மா வந்தாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள். பின்னால் மொட்டை மாடி, கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, கொடியில் யாருடைய பனியனோ.

"தெரியறேனாடி? எல்லாருக்கும் வணக்கம் சொல்லு. சாப்பிட்டாச்சான்னு கேளு."

பாப்பா மொழிபெயர்த்தாள். பிள்ளைகள் சாப்பிட்டாச்சு என்று கத்தினார்கள். அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

"அம்மா, நிலாவைக் காட்டு."

அம்மா கைபேசியைத் திருப்பினாள். திரை முழுக்க மங்கிய நீலம். நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு. பல்துலக்கும்போது கண்ணாடியில் தெறித்த நுரைபோல இருந்தது. படுத்திருக்கிறதா நிற்கிறதா என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

"நேர்ல நல்லாத் தெரியுதுடி. இதுல ஏன் இப்படி வருது?" என்று அம்மா கைபேசியைத் தட்டினாள். நிலா இன்னும் கலங்கியது.

வகுப்பில் ஏமாற்றப் பெருமூச்சு எழுந்தது. பாப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தாள். மேற்பார்வையாளர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"இரு, வரேன்" என்று அம்மா மறைந்தாள். செருப்புச் சத்தம் படியில் இறங்கியது, ஏறியது. திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு சிவப்புத் துணித்துண்டு இருந்தது. ரவிக்கைக்குக் கழுத்து வெட்டியபோது விழுந்த துண்டு. அதிலிருந்து கத்தரிக்கோலால் சரக் சரக்கென்று ஒரு பிறையை நறுக்கினாள். மேலே ஒரு தடவை பார்த்தாள், துணியை ஒரு தடவை பார்த்தாள், பிறகு அதைத் தண்ணீர்த் தொட்டியின்மேல் வைத்துத் திருப்பிச் சரிசெய்தாள்.

"இதோ, இப்படித்தான் இருக்கு. படகு மாதிரி. ஒரு பக்கம் துளியூண்டு சாஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

சிவப்புப் பிறை தொட்டியின்மேல் படுத்துக்கிடந்தது. வகுப்பில் ஓவென்று ஒரு சத்தம். பாப்பாவுக்கு உயிர் வந்தது.

வக்கீல் மட்டும் அசையவில்லை. "இவங்க உங்க அம்மாதானே?"

"ஆமா."

"சொந்த அம்மா உங்க பக்கம்தான் பேசுவாங்க. வேற யாராவது சொல்லணும்."

பாப்பா இதைத் தமிழில் சொன்னதும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "யாருடி அது, இப்படிக் குறுக்குக் கேள்வி கேக்கிறது? இரு, மாமாவைக் கூப்பிடறேன்."

பக்கத்து மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மாமா சாட்சிக்கு அழைக்கப்பட்டார். மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். கைப்பிடிச் சுவர் வழியாகத் தலையை நீட்டினார். "நிலாவா? நிலா எப்பவும் போலத்தான் இருக்கு. அதுக்கு என்ன இப்ப?" என்றார். எப்படி இருக்கிறது என்று கையால் காட்டுங்கள் என்று கேட்டதற்கு, தண்ணீர் ஏந்துவதுபோல உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார்.

வக்கீல் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தாள். "சரி" என்றாள். "அங்க படுத்திருக்கு. ஆனா இங்க நிக்குது. அது எப்படி?"

பிறகு கேள்விகள் அருவியாகக் கொட்டின. அந்தக் கறுப்பு டிரம் என்ன? நீங்க ஏன் கோட்டு போடலை? உங்க ஊர்ல இப்ப சாயங்காலம்னா எங்க சூரியன் யாருது? அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். தெரியாததற்கு மாமாவைப் பார்த்தாள். மாமாவுக்கும் தெரியாதபோது இருவரும் சிரித்தார்கள். பாப்பா இரண்டு மொழிக்கும் நடுவில் பந்து பொறுக்கிப் போடுகிறவளைப்போல ஓடிக்கொண்டிருந்தாள். மணி அடித்தபோது வரைபடத் தாள்கள் கட்டுக்கூடப் பிரிக்காமல் மேசைமேல் இருந்தன.

மேற்பார்வையாளர் குடையை எடுத்துக்கொண்டு, "அடுத்த வாரம் பேசலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குரலில் சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. 

வெள்ளிக்கிழமை மதியம் காற்று கிளம்பியது. மேகம் கிழிந்து கிழிந்து விலகியது. வகுப்பாசிரியர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறித் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி வந்தார். பெற்றோர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். குளிர்காலம் நெருங்கிவிட்டதால் பள்ளி விட்டுக் கொஞ்ச நேரத்திலேயே இருட்ட ஆரம்பித்துவிடும். பிள்ளைகளும், அழைத்துப்போக வந்த அம்மா அப்பாக்களும் விளையாட்டுத் திடலில் கூடி, கையைத் தேய்த்துக்கொண்டு மேற்கே பார்த்து நின்றார்கள். ஆச்சரியம், அக்கா வந்திருந்தாள். அவளோடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு அத்தானும்.

"நேத்து பூரா உங்க அக்கா இதையே பேசினா. வந்து பாக்காட்டி என்னைத் தூங்க விட மாட்டா போல" என்றார் அத்தான்.

கூரைகளுக்கு மேலே வெளிச்சம் வடிய வடியப் பிறை தெரிந்தது. முதலில் பார்த்தது யார் என்று பிள்ளைகளுக்குள் சண்டை.

பாப்பா கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தாள். நின்றுகொண்டுதான் இருந்தது. முழுக்க நேராக என்று சொல்ல முடியாது, சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கிற ஆளைப்போல. ஆனால் படகு இல்லை. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் படகு இல்லை. இருபத்திரண்டு வருடம் தெரிந்த ஒருவர் திடீரென்று எழுந்து நின்று, தான் இவ்வளவு உயரம் என்று காட்டியதுபோல இருந்தது. அவளுக்குள் எங்கோ, பிள்ளைகள்தான் தவறாகப் பார்த்திருப்பார்கள் என்று ஒரு நினைப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அது கழன்று விழுந்தது. வருத்தமாக இல்லை. தலைக்குள் ஜன்னல் ஒன்று திறந்து காற்று வந்ததுபோலத்தான் இருந்தது.

"அட, ஆமா!" என்றாள் அக்கா. "ஒன்பது வருஷமா இது இப்படியா நிக்குது?"

வக்கீல் எல்லோரையும் விட்டு விலகிப்போய்த் தனியாக நின்றாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். இன்னும் சாய்த்தாள். பிறகு உடம்பையே சாய்த்தாள். விழப்போகிறாள் என்று அவள் அப்பா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கையில் தொங்கியபடி, பனையோலை விசிறி சாய்வதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுகொண்டு கத்தினாள்.

"டீச்சர்! படுத்துடுச்சு! உங்க ஊர் நிலா வந்துடுச்சு!"

பாப்பா ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று அவளைப்போலவே சாய்ந்தாள். பின்னாலேயே வந்த அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறை மெல்ல மெல்லச் சரிந்து, தண்ணீரில் இறங்குவதுபோல, படகாகிவிட்டது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த படகு.

"அப்படின்னா உங்க ஊர்ல எல்லாரும் இப்படிச் சாஞ்சுதான் நிப்பாங்களா?" என்று கேட்டாள் வக்கீல்.

"இல்லையே, நேராத்தான் நிக்கிறோம்" என்றாள் பாப்பா. சொல்லி முடிக்கவில்லை, அவளுக்கே பிடிபட்டுவிட்டது. வகுப்பாசிரியரைப் பார்த்தாள். அவருக்கும் அதே நொடியில் பிடிபட்டிருந்தது. அவர் வாய் திறப்பதைப் பார்த்துப் பாப்பா சைகை காட்டினாள். அவர் வாயை மூடிக்கொண்டு, நல்ல பிள்ளையாக மதில் பக்கம் திரும்பி நின்றார்.

பாப்பா திடலில் கிடந்த கால்பந்தை எடுத்தாள். கோட்டுப் பையில் இரண்டு சாக்பீஸ் துண்டுகளும் ஒட்டும் நாடாவும் இருந்தன. எல்லாவற்றையும் வக்கீலின் கையில் கொடுத்தாள். "இது பூமி. நீ ஒரு சாக்பீஸ், நான் ஒரு சாக்பீஸ். ரெண்டு பேரையும் பந்து மேல நிக்க வை பாப்போம்."

பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். வக்கீல் டீச்சர் சாக்பீஸைப் பந்தின் வயிற்றுக்குப் பக்கத்தில் ஒட்டினாள், தன்னுடையதை மேலே கொஞ்சம் தள்ளி. இரண்டும் பந்தின்மேல் நேராகத்தான் நின்றன. பந்தைத் திருப்பித் தன் சாக்பீஸை நிமிர்த்திப் பிடித்தாள். டீச்சர் சாய்ந்தாள். டீச்சரை நிமிர்த்தினாள். தான் சாய்ந்தாள். அதையே திரும்பத் திரும்பச் செய்துபார்த்தாள். 

"ரெண்டு பேரும் நேராத்தான் நிக்கிறோம்" என்றாள் கடைசியில், தனக்குத் தானே சொல்வதுபோல. "எனக்கு நீங்க சாஞ்சிருக்கீங்க. உங்களுக்கு நான் சாஞ்சிருக்கேன். நிலா சும்மா இருக்கு."

அதற்குள் இன்னொரு கூச்சல். வேற நிலாவா என்று கேட்ட பையன் கம்பியில் முழங்காலை மாட்டித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். "டீச்சர், இங்க வாங்க! வெளிச்சம் இந்தப் பக்கம் மாறிடுச்சு! பந்துக்கு அடியில இருக்கிறவங்களுக்கு இப்படியா தெரியும்?"

பாப்பாவுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டு, பெற்றோர் எல்லாம் பார்க்க, திரும்பி நின்று குனிந்து கால்களுக்கிடையே தலையை விட்டுப் பார்த்தாள். கோட்டின் தோள்கள் காதை மறைத்தன. ஆமாம், மாறித்தான் இருந்தது. நிமிர்ந்தபோது, அவளைப் பார்த்து அத்தானும் குனிந்துகொண்டிருந்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "இந்தக் கூத்தை எல்லாம் ஊர்ல சொன்னா நம்புவாங்களா?"

அடுத்த வாரம் மேற்பார்வையாளர் கூப்பிட்டு அனுப்பினார். ஆசிரியர் அறையில், வகுப்பாசிரியர் மறந்துவிட்டுப்போன இரண்டு தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பேசினார். வளைத்துப் பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"பாடத்திட்டத்துல இருந்ததை நீங்க தொடவே இல்ல. நேரத்தைக் கையில வெச்சுக்கத் தெரியல. ஒரு பொண்ணே பாதி நேரம் பேசினா. பின் வரிசையில நாலு பேர் கடைசி வரைக்கும் வாயைத் திறக்கல. நீங்க கவனிச்சீங்களா?"

பாப்பா கவனிக்கவில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. மதிப்பெண் சுமார்தான். வரைபடப் பாடத்தை மறுபடி எடுத்துக்காட்ட வேண்டும், அந்த நாலு பேரையும் பேசவைத்து. "எடுக்கிறேன் மேடம்" என்றாள். உண்மையாகவே எடுக்க ஆசைப்பட்டாள். அந்த நாலு பேரும் அன்று மனதில் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள இப்போதே பரபரத்தது.

மேற்பார்வையாளர் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார். கதவுவரை போனவர் நின்றார். கறாரான முகத்தில் என்னவோ ஒரு தயக்கம்.

"ஒண்ணு கேக்கணும். உங்க அம்மா இருக்கிற ஊர்ல சூரியன் மறையும்போது நேரா கீழ இறங்குமா? இங்க சரிஞ்சு சரிஞ்சுதான் போகும். நிலாவே அப்படின்னா, சூரியனும் வேற மாதிரிதானே இருக்கணும்? வாரக் கடைசி பூரா யோசிச்சுப் பாத்தேன்."

 எத்தனையோ அந்திகள் பாப்பாவின் தலைக்கு மேலே நடந்து முடிந்திருந்தன. சூரியன் எப்படி இறங்குகிறது என்று ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

"தெரியல மேடம். கேட்டுச் சொல்றேன்."

வராந்தாவுக்கு வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டாள். தையல் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. கேள்வியைச் சொன்னாள். சத்தம் நின்றது.

"நேராவா, சாஞ்சா?" அம்மா யோசித்தாள். "இத்தனை வருஷமா சூரியன் போறதுக்குள்ள பொத்தான் தச்சு முடிக்கணும்னுதான் ஓடியிருக்கேன். அது எப்படிப் போகுதுன்னு யார் பாத்தா? இன்னும் கொஞ்சம் பொழுது இருக்கு. இந்த ரவிக்கை நாளைக்கு ஆகட்டும். நான் மாடிக்குப் போறேன். நீ போய் வகுப்பைப் பாரு."

மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது. பாப்பா கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு, வரைபடத் தாள்களை எடுக்க வகுப்புக்குப் போனாள்.